காலை எட்டு மணிக்கு மறைந்துபோன பெயர்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள்: "நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அதை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும்." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு நானும் பலருக்கு அதையே சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு உங்கள் முன்னால் உட்கார்ந்து பேச ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் நான் செய்ய வேண்டிய முதல் வேலை.

நான் கடைசியாக வேலை பார்த்தது பாசிர் கூடாங்கில், செம்பனை எண்ணெயிலிருந்து சோப்புக்கும் அழகு சாதனங்களுக்கும் மூலப்பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். கணினிப் பிரிவு என்று பெயர்தான் பெரிது. நானும் இன்னும் இரண்டு பேரும் மட்டும். வாசலில் அட்டையைத் தட்டி உள்ளே போகும் முறை, ஷிப்டு அட்டவணை, பேருந்துப் பட்டியல் எல்லாம் நான் எழுதியவை. அவற்றுள் நான் மிகவும் பெருமைப்பட்டது ஆபத்து நேரப் பட்டியல். அபாயச் சங்கு ஊதினால் எல்லாரும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி வர வேண்டும். அங்கே பாதுகாப்பு அதிகாரி ஒரு டேப்லெட்டோடு நிற்பார். வந்தவர்கள் வரிசையாக அட்டையைத் தட்டுவார்கள். தட்டத் தட்டப் பட்டியலில் பெயர் குறையும். 'மீதி: 0' என்று வந்தால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம்.

பல ஆண்டுகளாக அந்த டேட்டாபேஸ் எங்கள் கட்டடத்திலேயே, கேண்டீன் ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் அந்த அறை ஒழுகும். ஆகவே எல்லாவற்றையும் வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாடகை சர்வருக்கு மாற்றச் சொன்னார் மேலாளர். ஒரு வார இறுதியில் மாற்றி முடித்தேன். திங்கட்கிழமை மதியம் சோதித்தேன். அட்டையைத் தட்டி உள்ளே போனேன், என் பெயர் வந்தது. வெளியே வந்தேன், பெயர் போனது. மணியும் சரியாகக் காட்டியது. பத்து முறை செய்தேன், பத்து முறையும் சரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய் டீ குடித்தேன்.

அந்த சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நம் நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால். திரையில் காட்டும்போது டேப்லெட் அதை நம் நேரத்துக்கு மாற்றிவிடும் என்பதும் தெரியும். தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டேன், அதுதான் பிழை.

அது நடந்தது மூன்று வாரம் கழித்து. அன்றைக்கு என் கணவருடைய காரைப் பட்டறையில் விட்டிருந்தோம். அவரைப் பெர்மாஸ் ஜெயாவில் அவருடைய அலுவலகத்தில் முதலில் இறக்கிவிட வேண்டியிருந்ததால் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பினேன். எப்போதும் எட்டு இருபதுக்கு வாசலில் அட்டையைத் தட்டுகிறவள், அன்று ஏழு ஐம்பதுக்கே தட்டினேன். காவலாளி முனியாண்டி அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னா தங்கச்சி, இன்னைக்குச் சூரியன் மேக்கால உதிச்சிருச்சா?"

"நாளைக்கு பழையபடி லேட்டாத்தான் வருவேன், கவலப்படாதீங்க அண்ணே."

ஒன்பதரை மணிக்குச் சங்கு ஊதியது. பயிற்சிக்கு ஊதுகிற மாதிரி விட்டுவிட்டு ஊதவில்லை, நிறுத்தாமல் ஊதியது. படிக்கட்டில் இறங்கும்போதே மூக்கைக் குத்தியது. குளிரூட்டும் இயந்திரத்தின் குழாய் ஒன்று விட்டுப்போய் அமோனியா கசிகிறது என்று யாரோ கத்திக்கொண்டே ஓடினார்கள். கார் நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பலர் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பாதுகாப்பு அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தொழிற்சாலையில் எல்லாருமே அவரைக் 'காக்' என்றுதான் கூப்பிடுவோம், அக்கா என்று பொருள். மெல்லிய குரல். கோபம் வந்தால் இன்னும் மெல்லியதாகிவிடும். அன்று டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வலது தோளில் ரேடியோவைச் சொருகிக்கொண்டு, ஒவ்வொருவராகத் தட்ட வைத்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு அந்தப் பக்கம் எங்கள் தீயணைப்புக் குழு நாலு பேர் மூச்சுக்கவசம் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். உள்ளே யாராவது இருந்தால் அவர்கள் தேடிப் போவார்கள். யாரும் இல்லையென்றால் வெளியிலிருந்தே தண்ணீரைத் திரைபோல் பீய்ச்சி வாயுவை அடக்கிவிட்டு, அரசுத் தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருப்பார்கள். எதைச் செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்த டேப்லெட், அதாவது நான் எழுதிய பட்டியல்.

நான் வரிசையின் பாதியில் நின்றேன். எனக்கு முன்னால் எட்டு பேர், பின்னால் இன்னும் நிறையப் பேர். அப்போது காக் டேப்லெட்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

"மீதி சைபர். எல்லாரும் வெளிய வந்தாச்சு."

வரிசை கலைந்தது. நிம்மதியோடு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். காக் ரேடியோவை எடுத்தார்.

நான் என் கையைப் பார்த்தேன். அட்டை என் விரல்களுக்கு நடுவில் இருந்தது. நான் இன்னும் தட்டவே இல்லை.

தம்பி, தங்கைகளே, அந்த ஒரு நொடியில் என் மனசில் என்னவெல்லாம் ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். யாராவது என் பெயரைத் தவறுதலாகத் தட்டியிருப்பார்களோ என்று முதலில் நினைத்தேன். என் அட்டை வாசலில் சரியாகப் பதியவில்லையோ என்று அடுத்து நினைத்தேன். மூன்றாவதாக வந்த நினைப்புதான் அசிங்கமானது. இத்தனை பேர் முன்னால், நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட பட்டியல் தப்பு என்று நானே சொல்வதா, கொஞ்சம் பொறுத்துக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு சொன்னால் என்ன என்று நினைத்தேன். ரேடியோ காக்கின் வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது.

"காக், நிறுத்துங்க!" மலாயில் கத்தினேன். "சொல்லாதீங்க. லிஸ்டு தப்பு."

எல்லாரும் திரும்பினார்கள். காக் பொத்தானை அழுத்திய விரலை எடுத்தார்.

"எப்படித் தப்பு?"

"நான் இன்னும் தட்டல. எனக்குப் பின்னால நிக்கிறவங்களும் தட்டல. அப்புறம் எப்படி சைபர் வரும்?"

காக் வரிசையைப் பார்த்தார். "யார் யாரெல்லாம் இன்னும் தட்டல? கையத் தூக்குங்க." ஐம்பது கைக்கு மேல் உயர்ந்தன. "அலமாக்" என்றது ஒரு குரல், அடக் கடவுளே என்பதுபோல. எல்லாருக்கும் தட்டாதது தெரிந்துதான் இருந்தது. மிஷின் முடிந்துவிட்டது என்று சொன்னதும் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது, அப்படி நம்பச் சொல்லிப் பழக்கியவள் நான்.

காக் என் அருகில் வந்தார். குரல் மிகவும் மெல்லியதாகிவிட்டது.

"கேளு. ஆள் இருக்காங்கன்னு நீ சொன்னா நாலு பேர அந்தப் புகைக்குள்ள அனுப்பணும். இல்லன்னு சொன்னா அனுப்பமாட்டேன். எனக்கு 'தப்பு'ன்னு மட்டும் சொல்லாத. எவ்வளவு தப்பு? யார் பேரு விட்டுப்போச்சு?"

டேப்லெட்டை வாங்கினேன். தட்டி முடித்தவர்களின் பட்டியலைத் திறந்து முதல் பெயரைப் பார்த்தேன். உள்ளே வந்த நேரம் 8:03. அடுத்தது 8:04. அதற்குக் கீழே எல்லாரும் எட்டுக்கு மேல் வந்தவர்கள், அலுவலகத்து ஆட்கள். ஏழு மணி ஷிப்டுக்கு ஆறே முக்காலுக்கு வந்த ஒருவர் பெயர்கூட இல்லை. ஏழு ஐம்பதுக்கு வந்த நானும் இல்லை.

எட்டு மணி.

அப்போதுதான் புரிந்தது. பட்டியல் கேட்கும் கேள்வி 'இன்றைக்கு உள்ளே வந்தவர்கள் யார்?' என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடல் கடந்து இருக்கிற சர்வர். அதற்கு 'இன்றைக்கு' பிறப்பது அதனுடைய நள்ளிரவில், நம்முடைய காலை எட்டு மணிக்கு. எட்டுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் அதன் கணக்கில் நேற்று வந்தவர்கள். தொழிற்சாலையின் மொத்தப் பகல் ஷிப்டும் நேற்றைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது.

என் பையில் மடிக்கணினி இருந்தது. அதைத் திறந்து, அந்த ஒரு வரியை மாற்றி, திரும்ப ஓடவிட எவ்வளவு நேரம் ஆகும் என்று என் மூளை தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வருகிற வியாதி அது. எதைப் பார்த்தாலும் ரிப்பேர் செய்யத் தோன்றும். பையின் ஜிப்பில் கை வைத்துவிட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். அவசரத்தில் மாற்றிய வரியில் இன்னொரு பிழை இருந்தால், இரண்டாவது முறையும் பொய்யான பட்டியலைக் காக்கின் கையில் கொடுத்துவிடுவேன். எனக்கு இப்போது வேண்டியது சரியான புரோகிராம் இல்லை, சரியான பெயர்கள்.

பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். நேற்றில் இருக்கின்றன.

திரையின் மூலையில் தேதிப் பெட்டி ஒன்று இருந்தது. பழைய பட்டியலைப் பார்ப்பதற்காக எப்போதோ வைத்தது. அதில் நேற்றைய தேதியை அழுத்தினேன். இரவு ஷிப்டு ஆட்கள் வெளியே போனபோது தட்டிவிட்டார்கள், அவர்கள் வரமாட்டார்கள். உள்ளே வந்து வெளியே தட்டாதவர்கள் மட்டும் வருவார்கள். வந்தார்கள். ஐம்பத்தெட்டு பெயர். நடுவில் என் பெயரும் இருந்தது. அதைப் பார்த்ததும் கால் தரையில் ஊன்றியது.

"காக், விட்டுப்போன பேரு இதான். இதுல உள்ளவங்க எல்லாரும் இங்க இருக்கணும். ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க."

தட்டவைக்க நேரமில்லை. காக் சத்தமாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். வாழ்க்கையில் அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "அடா!" "இருக்கேன்!" "ஹியர்!" என்று மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழியிலும் பதில் வந்தது. பதில் வந்த பெயர்களை நான் ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டு எண்ணினேன். ஐம்பத்தைந்து கோடு. மூன்று பெயருக்குப் பதில் இல்லை. காக் அந்த மூன்றையும் இன்னொரு முறை கூப்பிட்டார்.

கடைசியில் நின்றிருந்த முனியாண்டி அண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தங்கச்சி, யாரு அந்த மூணு பேரு? குணாவும் அந்த ரெண்டு வங்காளதேசப் பையனுங்களுமா?"

"ஆமாண்ணே. எங்க போனாங்க தெரியுமா?"

"காண்ட்ராக்டு ஆளுங்க. பழைய பாய்லர் கொட்டகைக்குள்ள குழாய்க்குப் பஞ்சு சுத்துறாங்க. காலைல நான்தான் சாவி குடுத்தேன். உள்ள ஒரே எரைச்சல், காதுல கவசம் போட்டிருப்பானுங்க. சங்கு கேட்டிருக்காது." அவர் முகம் வெளுத்தது. "சைபர்னு சொன்னதும் வந்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

நான் மலாயில் காக்கிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் ரேடியோவில் பேசிவிட்டார். மூன்று பேர், பழைய பாய்லர் கொட்டகை, பின் வாசல் வழியாகப் போங்கள். நாலு பேரும் கவசத்தைச் சரிசெய்துகொண்டு வெள்ளைப் புகைக்குள் நுழைந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ய ஒன்றும் இல்லை. வேலையில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. முனியாண்டி அண்ணன் பக்கத்தில் நின்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காக் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஒருவரும் வீட்டுக்குப் போன் செய்யவில்லை, ஒருவரும் சிகரெட்டை எடுக்கவில்லை.

ரேடியோ கரகரத்தது. காக் கண்ணைத் திறந்தார். "மூணு பேர். நடந்து வராங்க."

முதலில் தீயணைப்புக் குழுவினர் தெரிந்தார்கள், பிறகு அவர்கள் தோளைப் பிடித்தபடி குணா. காதுக்கவசம் இன்னும் கழுத்தில் தொங்கியது. கதவைத் திறந்ததும் வாயு உள்ளே வந்திருக்கிறது. உடனே சாத்திவிட்டு, சட்டையைக் கழற்றி அங்கிருந்த குழாய்த் தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, மூன்று பேரும் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் அப்படித் தாங்கியிருப்பார்கள் என்று மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண் சிவந்து, இருமிக்கொண்டு, ஆனால் தங்கள் காலாலேயே நடந்து வந்தார்கள். கூட்டம் கை தட்டியது. முனியாண்டி அண்ணன் ஓடிப்போய்க் குணாவைக் கட்டிப்பிடித்துத் திட்டினார். அமோனியாவாலா அழுகையாலா என்று தெரியாமல் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர்.

இதோடு கதையை முடித்துக்கொண்டால் எனக்கு நல்ல பெயர். அன்று மதியம் கூட்டத்தில் மேலாளர் அதைத்தான் செய்யப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, தலைமை அலுவலகத்துக்கு என்னைப் பாராட்டிக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். மேசையைச் சுற்றி எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். "கடிதம் எழுதறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். அந்தப் பிழை என்னோடது. நம்ம நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால ஓடுற சர்வருக்கு மாத்தினது நான். சோதிச்சேன்னு கையெழுத்துப் போட்டதும் நான். என் பேரு வருதா போகுதான்னு மட்டும்தான் பார்த்தேன். வரவேண்டிய பேரெல்லாம் வந்திருக்கான்னு ஒரு நாள்கூட எண்ணிப் பார்க்கல. மூணு வாரமா பகல் ஷிப்டுக்கு இந்தப் பட்டியல் பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு."

மேலாளர் பேனாவை மூடினார். அந்த வேலை எனக்கு இனி இல்லை என்று உண்மையாகவே நினைத்தேன்.

காக்தான் பேசினார். "இன்னைக்குக் காலையில ஐம்பத்தஞ்சு பேர் தட்டாம நின்னாங்க. ஒருத்திதான் வாயத் திறந்தா. வாயத் திறந்தா மாட்டிக்குவோம்னு தெரிஞ்சவளும் அவ ஒருத்திதான்." மேலாளர் பக்கம் திரும்பினார். "கடிதம் எழுதாதீங்க, சரி. ஆனா இத யாரு சரிபண்ணணும்னு என்னைக் கேட்டா, அவளத்தான் சொல்வேன்."

மேலாளர் என்னைப் பார்த்தார். "சரி. எட்டு மணி நேரத்தக் கூட்டிட்டா முடிஞ்சுதுலா. சாயந்தரத்துக்குள்ள ஆயிடுமா?"

ஆகியிருக்கும். ஒரே வரி. ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் காலையில் பட்ட அடி இன்னும் வலித்துக்கொண்டிருந்ததால் ஒரு நிமிடம் யோசித்தேன். எட்டு மணி நேரத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? சர்வரின் நள்ளிரவு நம் நள்ளிரவாகிவிடும். அதாவது பழையபடி ஆகிவிடும். பழையபடி என்றால்? இரவு ஏழு மணி ஷிப்டுக்கு வந்தவர் பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு எங்கே இருப்பார்? நேற்றில்.

உட்கார்ந்துவிட்டேன். டேட்டாபேஸ் எங்கள் கட்டடத்திலேயே இருந்த அத்தனை ஆண்டுகளும், ஒவ்வொரு இரவும் பன்னிரண்டு அடித்ததும், இரவு ஷிப்டு முழுவதும் பட்டியலிலிருந்து மறைந்திருக்கிறது. பயிற்சிகளை நாங்கள் எப்போதும் காலை பத்து மணிக்கே நடத்தினோம், ஆகவே யார் கண்ணிலும் படவில்லை. வெளிநாட்டு சர்வர் புதிதாக ஒரு பிழையைக் கொண்டுவரவில்லை. நான் முன்பே செய்து வைத்திருந்த பிழையைத் தூக்கிவந்து வெளிச்சத்தில் போட்டது.

"கூட்டக்கூடாது" என்றேன். "பட்டியல் 'இன்னைக்கு'ங்கற சொல்லையே கேக்கக்கூடாது. ஆபத்து வந்தா நமக்கு எந்தத் தேதில வந்தாங்கன்னு வேணாம். உள்ள போனவங்கள்ல யாரு இன்னும் வெளிய வரல? அவ்வளவுதான் கேள்வி. அதுக்கு எந்த ஊர் நேரமா இருந்தாலும் பதில் ஒண்ணுதான்."

எனக்கு ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டேன். அந்த ஒரு வாரமும் இரண்டு வாசலிலும் காகிதத்தில் பெயர் எழுதச் சொன்னேன். பின் வாசலில் எழுதியதையும் சேர்த்து முனியாண்டி அண்ணன் கொட்டை எழுத்தில் எழுதினார். மாலையில் அவருடைய காகிதத்தையும் என் புதிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டோம். முதல் நாள் இரண்டு பெயர் இடித்தது. இருவரும் பின் வாசல் வழியாக வந்தவர்கள், அங்கிருந்த அட்டைக் கருவி பழுது. இரண்டாம் நாள் ஒன்று. ஐந்தாம் நாள் எல்லாம் பொருந்தியது. அண்ணன் எழுந்து நின்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், புரோகிராம் பாடம் நடத்த நான் வரவில்லை. சர்வர் எந்த நாட்டில் வேண்டுமானாலும் இருக்கட்டும், எந்த நேரத்தில் வேண்டுமானாலும் ஓடட்டும். அதை உலகப் பொது நேரத்திலேயே விடுங்கள், பார்ப்பவருக்குக் காட்டும்போது மட்டும் அவர் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். இதெல்லாம் நீங்கள் புத்தகத்திலேயே படித்துவிடுவீர்கள். 'இன்று', 'நேற்று' என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு இடத்திலும், யாருடைய இன்று என்று கேட்கும் பழக்கத்தைப் புத்தகம் தராது. பட்டியலில் இருப்பது சரியா என்று எல்லாரும் பார்ப்பார்கள். இல்லாதது எது என்று நீங்கள் பாருங்கள். ஏதோ சரியில்லை என்று பட்டால், காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் கையைத் தூக்குங்கள். காரணத்தை அப்புறம் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

புதிய பட்டியலுக்குக் காக் ஒரு பயிற்சி வைத்தார். எப்போது என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கசிவுக்குப் பிறகு நானும் ஏழரைக்கே வேலைக்கு வரத் தொடங்கியிருந்தேன். ஒரு புதன்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், மணி ஏழு ஐம்பதுக்குச் சங்கு ஊதியது. கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் கூடினோம். இரவு ஷிப்டு முடிந்து உள்ளேயே பேருந்துக்காகக் காத்திருந்த சிலரும் மாட்டிக்கொண்டார்கள், கொட்டாவி விட்டபடி நின்றார்கள். காக் யாரையும் தட்டவிடவில்லை. டேப்லெட்டை என்னிடம் நீட்டினார்.

"எத்தன பேரு?"

"எழுபத்திரண்டு."

"நில்லு" என்றார். இருவரும் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஏழு ஐம்பத்தெட்டு. ஏழு ஐம்பத்தொன்பது. எட்டு. கடல் கடந்து எங்கோ ஒரு நாள் முடிந்து இன்னொரு நாள் பிறந்தது.

திரையில் எழுபத்திரண்டு பெயர் அசையாமல் நின்றது.

பிறகுதான் தட்டவிட்டார். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், நான் காகிதத்தில் ஆளுக்கொரு கோடு போட்டேன், திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்து, மூன்று, ஒன்று. வரிசையில் கடைசியாக நான். அட்டையைத் தட்டினேன். சைபர் வந்தது. காக் உடனே நம்பவில்லை. தலையை நிமிர்த்தி, எனக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. நான் கோடு போட்டு எண்ணிய காகிதத்தை வாங்கிப் பார்த்தார். எழுபத்திரண்டு கோடு.

அதற்குப் பிறகுதான் ரேடியோவை எடுத்து, அந்த மெல்லிய குரலில், மலாயில் இரண்டே சொல் சொன்னார். "செமுவா அடா."

எல்லாரும் இருக்கிறார்கள்.